பிடித்திருந்தால் பணம் அனுப்பவும்

விமரிசனம் என்றால் நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனை உத்தேசித்து எழுதியது எதுவானாலும், அதை நன்றாக எழுதியிருக்கிறான், மோசமாக எழுதியிருக்கிறான் என்று சொல்ல இடமுண்டு. கல்யாணப் பத்திரிகையில் இடமுண்டு. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில்கூட இடமுண்டு. இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றையும், அதோடு சேர்ந்து வந்த இரண்டு பக்க எழுத்தையும். நாவல் வாசகர்களுக்கு இதில் என்ன ஸ்வாரஸ்யம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

1996 ஜனவரியில் என் அக்காவின் பையன் ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அப்போதுதான் கையெழுத்துப் பிரதியை விட்டுக் கம்ப்யூட்டரில் எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். எனக்கு மறதி அதிகம். பத்திரிகைக்குக் கொடுத்த தவணை மறந்துவிடும். கூட்டத்துக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டது மறந்துவிடும். “மாமா, இதைப் போட்டுக்குங்க. காலையில மெஷினைப் போட்டதும் இன்னிக்கு என்ன வேலைன்னு அதுவே சொல்லிடும்” என்றான்.

போடுவது சுலபமாகவே இருந்தது. சுருக்கிக் கட்டியிருந்த கோப்பைப் பிரித்தால் ஐந்தாறு கோப்புகள். அவற்றை ஹார்ட் டிஸ்கில் ஓர் இடத்தில் வைத்து, விண்டோஸ் தொடங்கும்போதே தானாக ஓடும் புரோகிராம்களின் வரிசையில் இதையும் சேர்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. தேதியைத் தட்டி, எதிரே விஷயத்தை எழுதி, ஒரு தடவைதானா, மாதா மாதமா, வருஷா வருஷமா என்று சொன்னால் போதும். அந்தத் தேதி வந்ததும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். படித்துவிட்டு ‘சரி’ என்ற பொத்தானை அமுக்கினால் போய்விடும்.

கோப்புகளில் ஒன்றின் பெயர் ‘ரீட் மீ’, அதாவது ‘என்னை வாசி’. வாசி என்று யார் கேட்டுக்கொண்டாலும் வாசித்துவிடுவது என் வழக்கம். இரண்டே பக்கம். எழுதியவர் அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஆபீஸ் வேலை பார்ப்பவர். மனைவியின் பிறந்த நாளை அடுத்தடுத்து இரண்டு வருஷம் மறந்துவிட்டாராம். மூன்றாவது வருஷம் மறக்கக்கூடாது என்று ராத்திரிகளில் உட்கார்ந்து இதை எழுதினாராம். முப்பது நாள் உபயோகித்துப் பாருங்கள், உபயோகமாக இருந்தால் 15 டாலர் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள், எப்படியானாலும் ஸ்நேகிதர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள் என்று எழுதியிருந்தார். இந்தப் புரோகிராமால் என்னென்ன முடியாது என்பதற்குத் தனியாக ஒரு பாரா இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தால் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பானால் தாமும் தப்பாகவே சொல்ல நேரும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

இதை நான் நல்ல வசனம் என்று சொல்வேன். எழுதியவருக்குத் தாம் செய்த பொருள் தெரிந்திருக்கிறது. அதன் எல்லையும் தெரிந்திருக்கிறது. யாரிடம் பேசுகிறோம் என்பதும் தெரிந்திருக்கிறது. நம் நாவல்களின் முன்னுரைகளில் எத்தனை முன்னுரைகள் இந்த மூன்றையும் காட்டுகின்றன? என்னுடையவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த ‘ஷேர்வேர்’ என்ற வழி பிறந்த கதையும் இலக்கியக்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று. அதை முதலில் செய்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் புஸ்தகத் தொழிலைச் சேர்ந்தவர். வக்கீலுக்குப் படித்து, பிறகு ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு அருகில் புஸ்தகங்கள் தயாரித்துக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டரில் எழுதுவதைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து ஒரு புஸ்தகம் எழுதினார். இருவரிடமும் இருந்த இயந்திரங்கள் வேறு வேறு. ஒருவர் எழுதிய பக்கத்தை மற்றவருக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்ப ஒரு புரோகிராம் வேண்டியிருந்தது. அதைத் தாமே எழுதினார். ‘பிஸி-டாக்’ என்று பெயர் வைத்து, 1982-ல் எல்லோருக்கும் கொடுத்தார். பிரதி எடுத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம், பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்பலாம் என்றார். நேயர்களிடம் நன்கொடை கேட்டு நடக்கும் பொதுத் தொலைக்காட்சியைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது.

அதே 1982-ல் வாஷிங்டன் மாகாணத்தில் ஐ.பி.எம். உத்தியோகஸ்தரான ஜிம் நாஃப் என்பவரும் இதே யோசனைக்கு வந்திருந்தார். தம்முடைய சர்ச்சின் விலாசச் சீட்டுகளை அச்சிடுவதற்காக எழுதிய புரோகிராமை ஸ்நேகிதர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் பிறருக்குக் கொடுத்தார்கள். திருத்தம் செய்யும்போதெல்லாம் எல்லோருக்கும் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. செலவுக்கு ஏதாவது அனுப்புங்கள் என்று ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். இரண்டு பேருடைய ஃப்ளாப்பியும் கைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் ஒருவரைப்பற்றி மற்றவருக்குத் தெரிந்தது. போட்டி போடாமல், இருவரும் ஒரே தொகை கேட்பது, ஒருவர் புரோகிராமில் மற்றவர் புரோகிராமைச் சிபாரிசு செய்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாஃப் என்றால் ஜெர்மன் மொழியில் பொத்தான். அவர் அதை இங்கிலீஷில் ‘ஜிம் பட்டன்’ என்று மாற்றிப் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1984-ல் ஐ.பி.எம். வேலையை விட்டுவிடும் அளவுக்கு ஜனங்கள் பணம் அனுப்பினார்கள்.

மூன்றாமவர் பாப் வாலஸ். மைக்ரோஸாஃப்ட் கம்பெனியின் ஆரம்பகால ஊழியர். 1983-ல் விலகி, ‘பிஸி-ரைட்’ என்ற எழுதும் புரோகிராமை வெளியிட்டார். ‘ஷேர்வேர்’ என்ற பெயர் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பதிவுக்கு 75 டாலர். பதிவு செய்தவருக்குச் சொந்த எண் உண்டு. அவர் கொடுத்த பிரதியிலிருந்து இன்னொருவர் பதிவு செய்தால் அவருக்கு 25 டாலர் திரும்பி வரும். வாசகனையே விற்பனையாளனாக்கிய முறை இது. கெட்டிக்காரத்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃப்ளூகல்மனின் முறையில் இருந்த ஒரு கௌரவம் இதில் சற்றுக் குறைவு என்பது என் அபிப்பிராயம். பிடித்த புஸ்தகத்தை ஸ்நேகிதனுக்குக் கொடுக்கிறவன் கமிஷனை நினைத்துக் கொடுக்கக்கூடாது. ஃப்ளூகல்மன் 1985 ஜூலையில், 41 வயதில், காணாமற் போனார். பிறகு அவரைக் கண்டவரில்லை. வாலஸ் 2002-லும் நாஃப் 2013-லும் காலமானார்கள்.

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். முப்பது நாள் ஆயிற்று. நான் பணம் அனுப்பவில்லை. முப்பத்தொன்றாம் நாள் காலையில் ஒரு பெட்டி வந்தது: இந்தப் பிரதி பதிவாகவில்லை, பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. ‘சரி’யை அமுக்கினேன். அது போய், அன்றைய வேலையைச் சொல்லும் பெட்டி வந்தது. அதையும் படித்துவிட்டு ‘சரி’யை அமுக்கினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

ஆவணி மாதம் என் தாயாரின் திதி வருகிறது. திதியை இந்தப் புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுப்பதே ஒரு சிரமம். வருஷா வருஷம் ஒரே தேதியில் வரும் பிறந்த நாளை அது அறியும். சந்திரனைப் பார்த்து வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, அதிக மாதம் வந்தால் பின்னால் தள்ளிப்போகும் திதியை அது அறியாது. மனைவியின் பிறந்த நாளுக்காக அமெரிக்காவில் எழுதப்பட்ட புரோகிராம் அது. அதைக் குறை சொல்வதற்கில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த வருஷத்துத் தேதியை நானே எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் மனசிலிருந்து இறக்கியும் வைத்துவிட்டேன்.

அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். நாவலின் ஓர் அத்தியாயம் பாதியில் நின்றது, அந்த அவசரம். முதல் பெட்டி வந்தது. அமுக்கினேன். இரண்டாவது பெட்டி வந்தது. அமுக்கினேன். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா டெலிபோன் செய்தாள். “தம்பி, அம்மாவுக்குப் படையல் எல்லாம் நல்லா ஆச்சா?” என்றாள். நான் பதில் சொல்லாமல் இருந்ததிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. “சரி விடு, நான் இங்கே செஞ்சுட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

புரோகிராம் ஞாபகப்படுத்தவில்லையா என்று பார்த்தேன். ஞாபகப்படுத்தித்தான் இருந்தது. இரண்டாவது பெட்டியில் அம்மாவின் பெயர் வந்து நின்றிருக்கிறது. அதைப் படிக்காமலே நான் அமுக்கித் தள்ளியிருக்கிறேன்.

குற்றம் என்னுடையது. அதில் சந்தேகமில்லை. ஆனால் விமரிசகன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாபகப்படுத்துவதற்காகவே ஏற்பட்ட ஒரு பொருள், தன் சொந்தக் கடனையும் அதே பெட்டியில், அதே உருவில், அதே பொத்தானை வைத்துத் தினமும் ஞாபகப்படுத்தியது. ஆறு மாதத்துக்கு மேல் தினமும் ஒரு பெட்டியைப் படிக்காமல் தள்ள என் விரலுக்குப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி பெற்ற விரல் முதல் பெட்டிக்கும் இரண்டாவது பெட்டிக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. அதாவது, பணம் கேட்ட குறிப்பு புரோகிராமின் பிரதான காரியத்தையே கெடுத்துவிட்டது. இதை நான் உருவப் பிழை என்று சொல்வேன். கதையின் நடுவில் ஆசிரியர் பத்துப் பக்கத்துக்கு ஒரு தரம் குறுக்கிட்டு உபதேசம் செய்தால், வாசகன் உபதேசத்தைத் தாண்டிப் படிக்கப் பழகிக்கொள்கிறான். அந்தப் பழக்கத்திலேயே கதையின் முக்கியமான வரியையும் தாண்டிவிடுகிறான். இரண்டும் ஒரே பிழைதான்.

இத்தனைக்கும் அந்த மனிதர் ‘ரீட் மீ’யில் மிக நன்றாக எழுதியிருந்தார். மனைவியின் பிறந்த நாளைச் சொல்லி, முடியாததை ஒப்புக்கொண்டு, ஒரே ஒரு தரம் கேட்டார். அது என் மனசில் நின்றது; இன்றும் நிற்கிறது. தினம் வந்த பெட்டியில் என்ன வாசகம் இருந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நூற்றைம்பது தரத்துக்கு மேல் சொல்லப்பட்டது மறந்துவிட்டது. ஒரு தரம் சொல்லப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ஒரே ஒரு தரம் கேட்டால் யார் கொடுக்கிறார்கள்? நீரே கொடுக்கவில்லையே என்று என்னைக் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விதான் அந்தத் தொழிலையே பிளந்தது. சிலர் தினமும் கேட்டார்கள். சிலர் புரோகிராமின் பாதியைப் பூட்டி வைத்து, பணம் வந்தால்தான் திறப்போம் என்றார்கள். 1987-ல் இவர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது, முடமாக்கிய புரோகிராமை ஷேர்வேர் என்று கொடுக்கக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டார்கள். முழுப் பொருளையும் கொடுத்துவிட்டு மனிதனை நம்புவது என்பதுதான் அதன் அர்த்தம். நம்பினவர்களில் பலர் நஷ்டப்பட்டிருப்பார்கள். அந்த நஷ்டத்தில் என் பங்கு 15 டாலர்.

நான் ஏன் கொடுக்கவில்லை? முதலில் சோம்பேறித்தனம். அடுத்தது, கொடுப்பதும் அன்று சுலபமில்லை. அந்நியச் செலாவணி விஷயத்தில் 1973-ஆம் வருஷச் சட்டம் அமலில் இருந்த காலம். அது மாறியது 2000-ல்தான். சாதாரண மனிதன் மயிலாப்பூரிலிருந்து 15 டாலரை ஒரு தனி மனிதருக்கு அனுப்புவதென்றால் பாங்கியில் பாரம் வாங்கிக் காரணம் சொல்ல வேண்டும். ஞாபகப்படுத்துகிற புரோகிராமுக்காக என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம்: கொடுக்காமலே நடந்துகொண்டிருந்தது.

திதி தவறின மறுவாரம் அக்காவின் பையனிடம் பணம் அனுப்ப வழி கேட்டேன். “இதுக்கெல்லாம் யாரு மாமா பணம் கட்டுறாங்க? நம்பர் ஒண்ணு என்கிட்ட இருக்கு. போட்டா அந்தப் பெட்டி வராது” என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் நாவல்களைப் பற்றி நானே மேடைகளில் குறைப்பட்டுக்கொண்டவன். வாடகை நூல் நிலையத்தில் ஒரு பிரதியை நூறு பேர் படிக்கிறார்கள், ஆசிரியனுக்கு ஒரு பிரதிக்குத்தான் ராயல்டி. நல்ல புஸ்தகமென்று இரவல் கொடுக்கிறார்கள், வாங்கச் சொல்வதில்லை என்று. அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி கண் விழித்து ஒருவர் எழுதியதை எட்டு மாதமாக இனாமாக உபயோகித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடமாவது ஒரு கார்டு எழுதி, நாவல் பிடித்தது என்று சொன்ன வாசகர்கள் உண்டு. நான் அந்த மனிதருக்கு அதுகூடச் செய்யவில்லை.

நியூஜெர்ஸியில் இருந்த என் சிற்றப்பா பெண்ணுக்கு எழுதி, அங்கிருந்து 15 டாலருக்குச் செக் அனுப்பச் சொன்னேன். அவளுக்கு இங்கே ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு அவள் கேட்ட புஸ்தகங்களை வாங்கி அனுப்பிக் கணக்கைத் தீர்த்தேன். அவற்றில் என்னுடைய புஸ்தகம் ஒன்றும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கார்த்திகையில் ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு சின்ன அட்டை. அதில் என் பெயரும் ஓர் எண்ணும். கீழே பேனாவில் இரண்டு வரி. இந்தியாவிலிருந்து தமக்கு வந்த முதல் பதிவு இதுதான் என்றும், எதை ஞாபகம் வைத்துக்கொள்ள இதை உபயோகிக்கிறீர்கள் என்று அறிய ஆசை என்றும் எழுதியிருந்தார். பெயரையும் எண்ணையும் தட்டினேன். மறுநாளிலிருந்து முதல் பெட்டி வரவில்லை. நான் கொடுத்த பணத்துக்கு எனக்குப் புதிதாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஒன்று நின்றதுதான் லாபம். அதுவும் போதும் என்றே இருந்தது.

அந்தப் புரோகிராம் இப்போது ஓடாது. பதினாறு பிட் காலத்தில் எழுதியதை இன்றைய அறுபத்துநாலு பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. ஞாபகப்படுத்தும் வேலையைக் கைப்பேசி பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தனியாகப் பதிவுமில்லை, பணமுமில்லை. ஆனால் அந்தப் பழைய உருவப் பிழை மட்டும் அழியாமல் ஊரெல்லாம் பரவிவிட்டது. கடைக்காரன் தள்ளுபடி என்று சொல்வதும், பாங்கி கடன் வேண்டுமா என்று கேட்பதும், இன்று அம்மாவின் திதி என்று நானே எழுதி வைத்ததும் ஒரே அகலத்தில், ஒரே ஓசையோடு, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. எல்லாவற்றையும் ஒரே விரல் ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. அந்த அமெரிக்க மனிதராவது முப்பது நாள் பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்; தம் உழைப்புக்குக் கேட்டார்; கொடுத்ததும் நிறுத்திக்கொண்டார். இன்றைய பெட்டிகளில் இந்த மூன்றில் ஒன்றையாவது காண்பது அபூர்வம்.

எழுத்திலும் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. பொருளை முழுசாகக் கொடுத்து, உண்மையைச் சொல்லி, ஒரு தரம் கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படிக் கேட்டவர்களுக்கு என் போன்றவர்கள் எட்டு மாதம் தாமதித்துத்தான் கொடுப்போம்; பலர் கொடுக்கவே மாட்டோம். அது கேட்டவர்களின் எழுத்தில் உள்ள குறையல்ல.

அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. அம்மாவின் திதி என்பதை இங்கிலீஷில் இரண்டு வரியில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்து, கடைசியில் மறந்தும் போய்விட்டேன். அந்த அட்டை இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.